மும்பை லோக்கலில் ஒரு கான்: செஸ் ஓபனிங் என்றால் என்ன?

டோம்பிவிலியிலிருந்து கிளம்பும் காலை லோக்கலில், என் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்தியில் கேட்டார்: "கேரோ கான்? புதுப் பையனா? என்ன படம்?" வாட்ஸ்அப் குழுவின் பெயர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று கான்களோடு வளர்ந்த ஊரில் நாலாவதாக ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்ததில் தப்பில்லை. செஸ்ஸில் அது ஒரு ஓபனிங் என்றேன். "ஓபனிங் பேட்ஸ்மேன் மாதிரியா?" என்றார். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தாதர் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தவர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் காய்களின் பெயர் தகராறைத் தீர்த்துவிடுவோம். எங்கள் வீட்டில் பிஷப் என்பது மந்திரி. மும்பையில் எதிரே உட்காருகிறவருக்கு அது ஊண்ட், அதாவது ஒட்டகம். அவர் வஜீர் என்று சொல்வதற்கும் மந்திரி என்றுதான் பொருள், ஆனால் அது நம்முடைய ராணி! பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் "மந்திரியை வெட்டு" என்று யோசனை சொன்னால், எந்த மொழி மந்திரி என்று கேட்டுக்கொண்டு வெட்டுவது நல்லது. குதிரை, யானை இரண்டிலும் குழப்பம் இல்லை. எங்கள் குழுவில் பிஷப்புக்கு ஊண்ட் என்ற பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது, இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கட்டங்களுக்கு முகவரி உண்டு. வெள்ளைக் காய் ஆடுகிறவரின் இடது கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி என்று ஹெச் வரை எட்டு வரிசைகள். அவர் பக்கத்திலிருந்து எதிராளியை நோக்கி 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால், போய் நிற்கும் இடம் இ4. இவ்வளவு தெரிந்தால் மற்றதைத் தொடரலாம்.

ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத்தான் ஓபனிங் என்கிறோம். வெள்ளை முதல் நகர்வை 20 விதமாக ஆடலாம்: எட்டுச் சிப்பாய்களுக்கு இரண்டிரண்டு, இரண்டு குதிரைகளுக்கு இரண்டிரண்டு. கறுப்பு பதில் சொல்வதற்கும் அதே 20. ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்தவுடனேயே 400 நிலைகள் வந்துவிடுகின்றன, அதற்கப்புறம் எண்ணிக்கை கைமீறிப் போய்விடும். இந்தக் காட்டுக்குள் ஆட்கள் நடந்து நடந்து தடம் விழுந்த பாதைகள்தான் ஓபனிங்குகள். சிசிலியன், பிரெஞ்சு, இத்தாலியன், லண்டன் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பெல்கிரேடில் 1970களில் தொகுக்கத் தொடங்கிய ஓபனிங் கலைக்களஞ்சியம் எல்லாவற்றையும் ஏ முதல் இ வரை ஐந்து பாகங்களாகப் பிரித்து, பாகத்துக்கு நூறு என்று 500 எண்கள் கொடுத்தது. நம்முடைய கேரோ-கான் அதில் பி10 முதல் பி19 வரை.

ஊர்ப் பெயர்களில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீலோடு மகேஷ்சந்திர பானர்ஜி ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். நம் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். அந்தப் பழக்கத்திலேயே அவசரப்படாமல், ஊண்டை ஓரமாக ஒதுக்கி வைத்து ஆடினார் பானர்ஜி. இன்று 'கிங்ஸ் இண்டியன்' போன்ற பெயர்களில் இந்தியா ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பாணியால்தான்.

சரி, ஓபனிங்கில் செய்ய வேண்டிய வேலை என்ன? நடுக்கட்டங்களில் ஒரு பிடி வேண்டும், காய்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும், ராஜா காஸ்லிங் செய்துகொண்டு ஓரமாகப் பத்திரமாக உட்கார வேண்டும். எல்லாப் புத்தகமும் இதைச் சொல்லும். லோக்கலில் போகிறவர்களுக்கு வேறு மாதிரி சொல்லலாம். வண்டி வந்த பிறகு ஓடுகிறவனுக்கு இடம் கிடைக்காது. எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேரே நிற்கும், இறங்க வேண்டிய ஸ்டேஷனில் எந்தப் பக்கம் பிளாட்ஃபாரம் வரும் என்று தெரிந்தவன் முன்கூட்டியே போய் நின்றுகொள்வான். நெரிசல் அவனுக்கும் உண்டு. ஆனால் எந்த நெரிசலில் மாட்டிக்கொள்வது என்பதை அவனே தேர்ந்தெடுத்திருக்கிறான்.

என்னைக் கேட்டால் ஓபனிங் என்பதே இந்தத் தேர்வுதான். தொல்லையே இல்லாத ஓபனிங் கிடையாது. இந்தத் தொல்லை வேண்டாம், அந்தத் தொல்லை இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே பேரம் பேசிக்கொள்கிறோம். கேரோ-கானை வைத்தே பார்ப்போம். இது கறுப்புக் காய் ஆடுகிறவருக்கான ஓபனிங்.

வெள்ளை இ4 ஆடுகிறது, உலகத்தில் அதிகம் ஆடப்படும் முதல் நகர்வு. நடுவை வெள்ளை மட்டும் அனுபவிக்க விடக்கூடாது என்பதால் கறுப்புக்கு டி5இல் ஒரு சிப்பாயை நிறுத்த ஆசை. உடனே டி5 ஆடலாம், அதற்கு ஸ்காண்டிநேவியன் என்று பெயர். வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டும், நம் ராணி போய் திருப்பி வெட்டும், வெள்ளைக் குதிரை சி3க்கு வந்து ராணியை விரட்டும். நம் ராணி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிராளியின் காய் ஒன்று வெளியே வந்துவிட்டது. ஆட முடியாத ஓபனிங் இல்லை, ஆனால் பேரம் அது.

இன்னொரு வழி, முதலில் இ6 ஆடி முட்டுக்கொடுத்துவிட்டு அடுத்து டி5. இது பிரெஞ்சு. வெள்ளை வெட்டினால் சிப்பாயாலேயே திருப்பி வெட்டலாம், ராணி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. ஆனால் சி8இல் ஒரு ஊண்ட் நிற்கிறதே, அது வெள்ளை நிறக் கட்டங்களில் மட்டும் போகக்கூடியது. இ6, டி5 இரண்டுமே வெள்ளை நிறக் கட்டங்கள். சொந்தச் சிப்பாய்களே வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பாதி ஆட்டம் வரை அந்த ஊண்ட் உள்ளேயே கிடக்கும். பிரெஞ்சு ஆடுகிறவர்களைக் கேளுங்கள், புலம்பித் தீர்த்துவிடுவார்கள்.

கேரோ-கான் என்ன செய்கிறது? மறுபக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கிறது. முதலில் சி6, அப்புறம் டி5. டி5 சிப்பாய்க்குத் துணை கிடைத்துவிட்டது, இ6 இன்னும் காலி, ஊண்டின் வழி திறந்திருக்கிறது. ஊண்டை வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் இ6 ஆடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் குழுவில் புதிதாக யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பது இந்த வரிசையைத்தான்: முதலில் ஊண்ட், அப்புறம் கதவு.

இதற்கும் விலை உண்டு. பி8 குதிரை ஆசைப்படும் இடம் சி6. அங்கே நாமே சிப்பாயை வைத்துவிட்டோம், குதிரை டி7 வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். ஆட்டமும் கொஞ்சம் நிதானமாகத்தான் நகரும். முதல் பத்து நகர்வுக்குள் வாணவேடிக்கை எதிர்பார்க்கிறவர்கள் சிசிலியன் பக்கம் போவது நல்லது.

வெள்ளை பொதுவாக டி4 ஆடி, இ4, டி4 என்று இரண்டு சிப்பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும். நாம் டி5. இப்போது வெள்ளையின் இ4 சிப்பாய் அடிபடும் நிலையில் நிற்கிறது, என்ன செய்வதென்று வெள்ளைதான் முடிவெடுக்க வேண்டும். பெரிய கிளைகள் பிரிவது இங்கேதான்.

டி5ஐ வெட்டினால் நாமும் சி சிப்பாயால் வெட்டுவோம். சமமான, அமைதியான ஆட்டம். பெரும்பாலும் அமைதி வேண்டியவர்கள்தான் இதை ஆடுகிறார்கள். அடுத்து சி4 என்று வெள்ளை தள்ளினால் மட்டும் கொஞ்சம் சூடு பிடிக்கும், அதற்கு பனோவ் தாக்குதல் என்று பெயர்.

வெட்டாமல் இ5 என்று முன்னால் தள்ளுவது இரண்டாவது கிளை. உடனே நம் ஊண்ட் எஃப்5க்கு வெளியே வருகிறது. அப்பாடா என்று நான் பெருமூச்சு விட்ட இடம் இது, மாட்டிக்கொண்ட இடமும் இதுதான். எதிராளி ஓரச் சிப்பாயை ஹெச்4க்குத் தள்ளினார். ஓரச் சிப்பாய்தானே என்று பாடம் செய்து வைத்த இ6ஐ ஆடினேன். அவர் ஜி4 தள்ளி ஊண்டை விரட்டினார். ஊண்ட் இ4க்குத் தாவி அவருடைய யானையைக் குறிவைத்தது. எஃப்3 என்று குறுக்கே சிப்பாயை வைத்தார், ஊண்ட் ஜி6க்குத் திரும்பியது. ஹெச்5. முடிந்தது. எந்தப் பக்கம் போனாலும் வெட்டு, பின்வாங்கலாம் என்றால் ஹெச்7இல் சொந்தச் சிப்பாய். கதவைச் சாத்தியதில் வெளியே போன ஊண்ட் வெளியிலேயே மாட்டிக்கொண்டது. அவர் ஹெச்4 ஆடியபோதே நான் ஹெச்5 அல்லது ஹெச்6 ஆடி ஊண்டுக்கு ஓட இடம் வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் தலைவலி உள்ளே கிடக்கும் ஊண்ட் என்றால், நம் தலைவலி ஊர் சுற்றப் போன ஊண்ட்.

மூன்றாவது கிளையில் வெள்ளை குதிரையை சி3க்குக் கொண்டுவந்து இ4ஐக் காப்பாற்றுகிறது. நாம் டி5 சிப்பாயால் இ4ஐ வெட்டுகிறோம், குதிரை திருப்பி வெட்டுகிறது. இப்போது ஊண்ட் எஃப்5க்கு வந்தால் வரும்போதே குதிரையை மிரட்டுகிறது. குதிரை ஜி3க்குப் போய் ஊண்டை மிரட்ட, ஊண்ட் ஜி6. மறுபடியும் ஹெச்4! மறுபடியும் ஓட இடம் வேண்டும், எனவே ஹெச்6. ஒரு கிளையில் பட்ட அடி இன்னொரு கிளையில் பாடமாக வந்து நிற்கிறது, பாருங்கள். நகர்வுகளை மனப்பாடம் செய்தவனுக்கு இவை இரண்டு தனித்தனி வரிகள். ஊண்டின் கஷ்டம் தெரிந்தவனுக்கு ஒன்றுதான்.

இதே கிளையில், ஊண்டுக்குப் பதில் குதிரையை டி7க்குக் கொண்டுவரும் ஒரு வழியும் உண்டு. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளை ராணியை இ2இல் வைக்கும், பார்த்தால் அர்த்தமே இல்லாத நகர்வு. நாம் இன்னொரு குதிரையை சாதாரணமாக எஃப்6க்குக் கொண்டுவருவோம். வெள்ளைக் குதிரை டி6இல் வந்து குதிக்கும். செக்மேட். இ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டலாமே என்றால், நகர்ந்தால் ராணியின் பார்வை நேராக ராஜா மேல் விழும். சுற்றிலும் சொந்தக் காய்கள், ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. 1950இல் போலந்தில் நடந்த ஒரு போட்டியில் பால் கெரெஸ் இதே ஆறு நகர்வில் ஆட்டத்தை முடித்திருக்கிறார். செம்பூரிலிருந்து கல்லூரி போகும் ஒரு பெண் எங்கள் குழுவில் மூன்று பேரை இப்படி வீழ்த்தியிருக்கிறாள். மூன்றாவது ஆள் நான்.

பெயருக்கு வருவோம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹொரேஷியோ கேரோவும் வியன்னாவைச் சேர்ந்த மார்கஸ் கானும் 1886இல் இந்த ஓபனிங்கை ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு முந்தின வருடமே கான் இதை ஆடி, ஜாக் மீசெஸ் என்ற வலுவான ஆட்டக்காரரை 24 நகர்வில் தோற்கடித்திருந்தார். பின்னால் கபாபிளாங்கா, பாட்வின்னிக், பெட்ரோசியன், கார்ப்போவ் என்று உலக சாம்பியன்கள் பலர் இதை நம்பினார்கள்.

கேரோ-கானின் மோசமான நாளும் பிரபலமானதுதான். 1997 மே 11, நியூயார்க். உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு டீப் ப்ளூ கணினியுடன் கடைசி ஆட்டம், அதுவரை இருவரும் சமம். வழக்கமாக சிசிலியன் ஆடும் காஸ்பரோவ் அன்று கேரோ-கான் ஆடினார். அதிலும் டி7 குதிரைக் கிளை, பரம எதிரி கார்ப்போவின் பெயர் ஒட்டிக்கொண்ட கிளை. ஏழாவது நகர்வில் ஹெச்6 ஆடினார். கணினி தன் குதிரையையே பலி கொடுத்து இ6 சிப்பாயை அடித்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. ஹெச்6 என்ற அதே நகர்வு, போன பத்திகளில் ஊண்டைக் காப்பாற்றிய நகர்வு, இங்கே ஆளைக் கவிழ்த்துவிட்டது. எதற்காக ஆடுகிறோம் என்பதை விட்டுவிட்டு நகர்வை மட்டும் நினைவில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று காஸ்பரோவுக்குப் பாடம் சொல்ல நான் யார்? ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் குழு உருவானதும் ஒரு கேரோ-கானில்தான். 2018இல் ஃபாஸ்ட் லோக்கல்கள் தானேவுக்கு முன்னால் பார்சிக் சுரங்கத்துக்குள் புகுந்து போகும். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், உள்ளே போனால் என் போனில் சிக்னல் செத்துவிடும். ஐந்து நிமிட ஆட்டம் ஒன்றில் நல்ல நிலையில் இருந்தேன், சுரங்கம் வந்துவிட்டது. லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் எதிராளி காணாமல் போனால் இன்னொருவருக்கு இரண்டு பொத்தான்கள் வரும்: வெற்றியை எடுத்துக்கொள்ளலாம், அல்லது டிரா என்று அறிவிக்கலாம். வெளியே வந்து பார்த்தால் டிரா. கீழே ஒரே ஒரு சொல்: "பார்சிக்கா?" தளத்தில் என் சுயவிவரத்தில் ஊர் மும்பை என்றும், பெயரில் 'குதிரை' என்றும் இருந்ததைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டிருக்கிறார். தாராவியில் தோல் பை கடை வைத்திருக்கிறவர், பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். "நீங்களும் கேரோவா அண்ணே?" என்றேன். "வேற என்னத்த ஆட? நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றார். ஹெச்4, ஜி4 என்று என் ஊண்டைப் பிடித்தவரும் அவர்தான், அடுத்த வாரம்.

ஒரே ஓபனிங் ஆடுகிறவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் ஒரே இடத்தில் அடி வாங்குவதுதான் என்று நினைக்கிறேன். "நேத்து ஒருத்தன் ஹெச்4 அடிச்சான்" என்று எழுதினால் போதும், விளக்கம் தேவையில்லை, ஆறு பேருக்கு வலிக்கும்.

இணையத்தில் இதற்கு நல்ல வசதிகள் இருக்கின்றன. இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நிலையிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கலாம். சி6, டி5 வரை முடிந்த நிலையை வைத்து, நிறத்தை மாற்றி மாற்றி ஆடுவோம். ஒருமுறை வெள்ளையாக இருந்து பார்த்தால்தான் கறுப்பு எங்கே வலிக்கிறது என்று தெரியும். லிசெஸ்ஸில் ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று உண்டு, இலவசம். ஒரு நிலையை வைத்தால், இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள், யார் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்று காட்டும். உங்கள் ரேட்டிங்குக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் ஆட்டங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் வரிகளை நம் எதிராளிகள் நாலாவது நகர்விலேயே விட்டு விலகிவிடுவார்கள் என்பது அப்போது தெரியும். பதினைந்து நகர்வு மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, அவன் ஆடவே மாட்டேன் என்கிறான் என்று கோபப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நாள் கணக்கில் ஆடும் ஆட்டம். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் 14 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வகையில் ஓபனிங் புத்தகத்தையும் எக்ஸ்ப்ளோரரையும் பார்த்து ஆடுவதற்கு அனுமதி உண்டு. நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் எஞ்சினைக் கேட்டு ஆடுவது மட்டும் கூடாது, அது திருட்டு. மாட்டுங்காவில் இருக்கும் மாமா ஒருவர் இதை மட்டும்தான் ஆடுவார். அந்தக் காலத்தில் 15 பைசா போஸ்ட் கார்டில் நகர்வு எழுதி அனுப்பி ஆடியவர், ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை வருடம் ஆனதாம். "உங்களுக்கெல்லாம் சுரங்கத்துல சிக்னல் போனா பதறறேள். எனக்கு மழைக்காலத்துல தபாலே வராது" என்பார்.

வெள்ளை இ4 ஆடாமல் டி4 ஆடினால் என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அப்போது டி5 ஆடுங்கள், வெள்ளை சி4 என்றால் சி6. இதற்கு ஸ்லாவ் என்று பெயர், கேரோ-கானுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கேயும் அதே முட்டு, அதே ஊண்ட் பிரச்சினை. இந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டலாம். வாரத்துக்கு ஒரு ஓபனிங் மாற்றாதீர்கள். தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றிலும் ஊண்டை எப்போது வெளியே விட்டீர்கள், கதவை எப்போது சாத்தினீர்கள், அதற்கு ஓட இடம் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமாவோடு எனக்கு இப்போது ஒரு ஆட்டம் நடக்கிறது. நான் கறுப்பு, ஆறாவது நகர்வு. நேற்று ராத்திரி அவர் ஹெச்4 ஆடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மூன்று நாள் அவகாசம் இருக்கிறது, என்ன ஆட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.